நூலும் நிழலும்: பொன்னியின் செல்வனைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

மக்கள் நெஞ்சங் கவர்ந்த நூலொன்று திரைக்கு வருங்கால், அதனைக் காணச் செல்வோர் இரு திறத்தினராகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு சாரார் நூலைப் படித்தவர். மற்றொரு சாரார் படியாதவர். படியாதவர் கதையைத் தெரிந்துகொள்ளச் செல்கின்றனர். படித்தவர்க்கோ கதை முன்னரே தெரியும். தாம் பல்லாண்டுகளாக மனத்துள்ளே கண்டு பழகிய உருவங்கள் வெளியே நடமாடுவதைக் காணவே அவர் செல்கின்றனர். மீண்டு வருங்கால் அவருட் சிலர் மகிழ்கின்றனர், சிலர் வருந்துகின்றனர், சிலர் சினங்கொள்கின்றனர்.

இவற்றை வெறும் பொழுதுபோக்குப் பேச்சென்று தள்ளிவிடுதல் தகாது. ஒரு கதைக்கு உரியவர் யார், அதனை மாற்றும் உரிமை எவர்க்கு எவ்வளவு உண்டு, படித்தல் என்னும் செயலின் பயன் யாது என்னும் வினாக்கள் அம்மகிழ்ச்சியிலும் வருத்தத்திலும் சினத்திலும் அடங்கிக் கிடக்கின்றன. இலக்கியம் பயிலும் மாணவர் இவ்வினாக்களைத் தாண்டிச் செல்லல் இயலாது. ஆதலின், கல்கி இயற்றிய பொன்னியின் செல்வனையும், அதனைத் தழுவி மணிரத்னம் இயக்கி 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு பாகப் படத்தையும், அப்படத்தைக் கண்ட வாசகர் கொண்ட கருத்துக்களையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

நூல் வந்த வழி

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டில் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். பொன்னியின் செல்வன் அவர் நடத்திய கல்கி வார இதழில் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கி 1954-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் வாரந்தோறும் வெளிவந்தது. ஓவியர் மணியம் அதற்குச் சித்திரங்கள் தீட்டினார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்களாக அஃது அமைந்தது. கதை முடிந்த அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே ஆசிரியர் காலமானார்.

வாரந்தோறும் வந்தமையால் இந்நூலுக்கு மற்ற நூல்களுக்கு இல்லாத ஒரு சிறப்பு உண்டாயிற்று. வாசகர் மூன்றரை ஆண்டுக் காலம் பாத்திரங்களோடு கூடவே வாழ்ந்தனர். ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது வருமுன் ஏழு நாட்கள் இருந்தன. அந்நாட்களில் அடுத்து நிகழ்வது யாது என்பதனை அவர்களே கற்பனை செய்து பார்த்தனர். இதழிலிருந்து பக்கங்களைக் கத்தரித்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் பல. பாட்டியார் கையில் தொடங்கிய அப்புத்தகம் தாயார் கைக்கும் பின்னர் மகள் கைக்கும் வந்தது. ஆதலின், இந்நூலைத் தம் குடும்பச் சொத்தென்றே கருதும் வாசகர் பலர் இருப்பதில் வியப்பில்லை. 1999-ஆம் ஆண்டில் கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டமையின், சட்டத்தின்படியும் அது பொதுச்சொத்தே ஆயிற்று.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். கதையின் போக்கைக் குறித்து வாசகர் மனக்குறை கொள்ளுதல் படத்தினால் வந்த புதுமை அன்று. நூல் முடிந்தபொழுதே, கதை திடீரென்று நின்றுவிட்டதென்றும், இன்னின்ன பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்பது தெரியவில்லை என்றும் அவர்கள் ஆசிரியரிடம் குறை கூறினர். கல்கி அதற்கென்றே ஒரு முடிவுரை வரைந்து, சரித்திர நவீனத்தின் இயல்பை எடுத்துக் கூறி, பாத்திரங்களின் பிற்கால வரலாற்றையும் சுருங்கச் சொன்னார். எனவே, ஆசிரியர்க்கும் வாசகர்க்கும் இடையே நிகழ்ந்த வழக்கு நூலினுள்ளேயே பதிவாகியிருக்கின்றது எனலாம்.

படம் வந்த வழி

கல்கி சினிமாவுக்குப் பகைவர் அல்லர். அவருடைய தியாகபூமி ஆனந்த விகடனில் வெளிவந்த காலத்திலேயே, கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 1939-ல் படமாகவும் வந்தது. படக் காட்சிகளே தொடர்கதைக்குச் சித்திரங்களாக அச்சிடப்பட்டன. 1945-ல் வந்த மீரா படத்திற்கு அவரே வசனம் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் கள்வனின் காதலி 1955-லும், பார்த்திபன் கனவு 1960-லும் படங்களாயின.

பொன்னியின் செல்வன் மட்டும் எளிதிற் பிடிபடவில்லை. 1958-ல் எம். ஜி. ராமச்சந்திரன் அதனைப் படமாக்கப் போவதாக அறிவித்தார்; அம்முயற்சி நிறைவேறவில்லை. பின்னர் வந்த முயற்சிகளும் இடையில் நின்றன. நாடகம் முந்திக்கொண்டது. 1999-ல் மேஜிக் லான்டர்ன் என்னும் குழுவினர் நந்தனம் ஒய். எம். சி. ஏ. திறந்தவெளியில் இதனை மேடையேற்றினர். அதற்கு நாடக வடிவம் தந்த இளங்கோ குமரவேல், பின்னர் மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் சேர்ந்து திரைக்கதையிலும் பங்குகொண்டார். படத்தின் முதற்பாகம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாளிலும், இரண்டாம் பாகம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாளிலும் வெளிவந்தன. கதை அச்சேறத் தொடங்கி எழுபத்திரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே அது திரையேறிற்று.

முதற்பாகம் வெளியான நாளன்று விடியற்காலை நாலரை மணிக்கே சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் காட்சிகள் தொடங்கின. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்துக் கொட்டகைகளில் அப்படத்திற்கு வந்த கூட்டம் வழக்கமான கூட்டம் அன்று. வெகு காலமாகக் கொட்டகைப் பக்கமே செல்லாத முதியோர், பேரப்பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு வந்தனர். நடிகருக்காக வந்த இளைஞர்க்கு அருகே நூலாசிரியருக்காக வந்த மூதாட்டியர் அமர்ந்திருந்தனர்.

வாசகர் கருத்துக்கள்

படத்தைக் கண்டோர் கூறிய கருத்துக்களைத் தொகுத்து நோக்கின், அவை நால்வகையாகப் பிரியக் காண்கின்றோம்.

முதலாவது, உருவம் பற்றியது. வந்தியத்தேவன் இப்படியிரான், குந்தவை இப்படியிராள் என்பது. மணியத்தின் சித்திரங்களில் ஊறிய கண்களுக்கு நடிகர் எவரும் முழுதும் பொருந்தார். கார்த்தி வந்தியத்தேவனாகவும், திரிஷா குந்தவையாகவும், விக்ரம் ஆதித்த கரிகாலனாகவும், ஐசுவரியா ராய் நந்தினியாகவும் நடித்தனர். கார்த்தியின் குறும்பைப் பாராட்டியோர் பலர். பூங்குழலியின் உருவத்தை ஒப்பாதோர் சிலர். இவ்வகைக் கருத்தில் வாதத்திற்கு இடமில்லை. ஆயிரம் வாசகருக்கு ஆயிரம் பூங்குழலிகள், படத்திற்கோ ஒருத்திதான்.

இரண்டாவது, விடுபாடு பற்றியது. இன்ன காட்சி இல்லை, இன்ன பாத்திரம் இல்லை என்பது.

மூன்றாவது, நடை பற்றியது. கல்கியின் உரைநடையில் ஒரு நகைச்சுவை இழையோடும். கதை சொல்பவர் வாசகரின் தோளில் கைபோட்டு நடப்பவர்போல் இடையிடையே பேசிக்கொண்டு வருவார். அக்குரல் படத்தில் இல்லை என்பது இவ்வகையினர் குறை. கமல்ஹாசன் குரலில் ஒரு முன்னுரை ஒலிக்கின்றதாயினும், அது கதைசொல்லியின் குரல் ஆகாது.

நான்காவது, பொருள் பற்றியது. கதையின் நிகழ்ச்சிகளை மட்டுமன்றி அதன் உட்கருத்தையே படம் மாற்றிவிட்டது என்பது. ஆராயத்தக்கன இரண்டாவதும் நான்காவதுமே.

நூல் படியாதோர் கூறிய குறை வேறு. அருள்மொழி, அநிருத்தர், ஆதித்தர், ஆழ்வார்க்கடியான் என அகர ஆகாரங்களில் தொடங்கும் பெயர்கள் நால்வருக்கு. பழுவேட்டரையர் என்ற பெயரோ இருவருக்கு. யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரிவதற்குள் இடைவேளை வந்துவிட்டது என்றனர். ஆயினும் இக்குறையால் ஒரு நன்மையும் விளைந்தது. பல குடும்பங்களில் மூத்தோர் இளையோர்க்கு அவ்விடைவேளையில் கதை சொல்லத் தொடங்கினர்.

முதற்பாகம் அவ்வாண்டு வெளியான தமிழ்ப் படங்களுள் மிகுந்த வசூல் பெற்றது. சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலியமைப்பு ஆகியவற்றிற்கான தேசிய விருதுகளையும் எய்தியது. இரண்டாம் பாகத்தின் வசூல் அதனினும் குறைவே. நூலினின்று மிகுதியும் விலகிச் சென்றதும் இரண்டாம் பாகமே. இவ்விரண்டிற்கும் காரணகாரியத் தொடர்பு உண்டென்று துணிந்து கூற இயலாதெனினும், வாசகரின் மனத்தாங்கல் இரண்டாம் பாகத்தின்மேலேயே மிகுந்திருந்தது என்பது ஐயமில்லை.

ஒரு கணக்கு

விடுபாட்டைக் குறித்துத் தீர்ப்புக் கூறுமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூலின் ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள் உள்ளன. கூட்டினால் 293. படத்தின் இரு பாகங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் ஓடுகின்றன. அதாவது 330 நிமிஷம். ஆகவே, ஓர் அத்தியாயத்திற்குக் கிடைப்பது ஒரு நிமிஷத்திற்குச் சற்று மேற்பட்ட பொழுதேயாம். பாட்டுக்கும் போருக்கும் ஆகும் பொழுதைக் கழித்துவிட்டால் அதுவும் இல்லை.

இக்கணக்கை அறிந்தவர், ஒன்றும் விடுபடலாகாது என்று கேட்கமாட்டார். விடுபட்டது எது என்பதைக் காட்டிலும், எதனை விட்டு எதனை வைத்தனர், அத்தெரிவு எந்நோக்கத்தாற் செய்யப்பட்டது என்று கேட்பதே முறையாகும். மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம்.

தொடக்கம்

நூல் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகின்றது. வாணர் குலத்து வாலிபன் ஒருவன் குதிரைமேல் வருகின்றான். ஏரியில் புதுவெள்ளம், கரையில் மக்கள் கூட்டம், கூட்டாஞ்சோறு, பாட்டு. அவ்வாலிபன் யார், எங்குச் செல்கின்றான் என்பதை ஆசிரியர் அவசரமின்றி அவிழ்க்கின்றார். படமோ இராஷ்டிரகூடருடன் நிகழும் போர்க்களத்தில் தொடங்குகின்றது. ஆதித்த கரிகாலன் வாளுடன் தோன்றுகின்றான். வந்தியத்தேவன் அவன்பால் ஓலை பெற்றுப் புறப்படுகின்றான். ஏரியும் ஆறும் ஒரு பாட்டில் அடங்கிவிடுகின்றன.

இதனால் வந்த ஊதியமும் உண்டு, இழப்பும் உண்டு. நூலின் முதற்பாகத்தில் கரிகாலனைப் பற்றிப் பிறர் பேசுவதே மிகுதி; அவனை நேரிற் காண்பது குறைவு. அவன் கொலையே கதைக்கு நடுநாயகமாதலின், படம் அவனை முதலிலேயே நம் கண்முன் நிறுத்தியது தக்கதே. இழந்தது யாதெனின், சோழநாட்டின் பெருமை வாளில் இருந்ததினும் வாய்க்காலில் இருந்தது என்னும் உணர்ச்சியாம். கல்கி வேண்டுமென்றே வாளை விடுத்து ஏரியிலிருந்து கதையைத் தொடங்கினார். அவ்வீரநாராயண ஏரியே இன்று வீராணம் எனப்படுவது. 2004-ஆம் ஆண்டு முதல் அதன் நீர் குழாய் வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு கடந்து சென்னைக்குக் குடிநீராக வருகின்றது. வந்தியத்தேவன் கண்டு வியந்த ஏரி நீரைச் சென்னை மக்கள் பருகிக்கொண்டிருக்கின்றனர் என்பதை மாணவர் நினைவில் வைத்துக்கொண்டு அம்முதல் அத்தியாயத்தைப் படிப்பாராயின், அதன் சுவை இருமடங்காகும்.

மணிமேகலை

கடம்பூர்ச் சம்புவரையர் மகளும் கந்தமாறன் தங்கையுமான மணிமேகலை படத்தில் அறவே இல்லை. வாசகர் மிகுதியும் வருந்தியது இதற்கே. கதையின் அரசியற் சூழ்ச்சிக்கு அவள் இன்றியமையாதவள் அல்லள் என்று திரைக்கதை எழுதுவோர் கூறக்கூடும். நிகழ்ச்சிகளை மட்டும் நோக்கின் அஃது உண்மையே. ஆயினும், நூலின் இறுதி அத்தியாயம் அவளுடைய மரணத்தோடேயே முடிகின்றது. மூன்றரை ஆண்டு நடந்த கதையை, முடி சூட்டு விழாவோடு நிறுத்தாமல், ஒருதலைக் காதலால் மனங் கலங்கி மாண்ட ஒரு பேதைப் பெண்ணின் அருகே ஆசிரியர் நிறுத்துகின்றார். விளையாட்டுப் பிள்ளையாய் வந்த வந்தியத்தேவன் அவ்விடத்திலேயே துயரமறிந்த ஆடவனாகின்றான்.

ஆகவே, மணிமேகலையை நீக்கினமையால் வந்தியத்தேவனின் வளர்ச்சியும் நீங்கிற்று. படத்தின் வந்தியத்தேவன் தொடக்கத்தில் இருந்தவாறே முடிவிலும் இருக்கின்றான். வாசகர் இதனை இவ்வாறு விளக்கிக் கூறாவிடினும், ஏதோ ஒன்று குறைகின்றது என்று அவர் உணர்ந்தது சரியான உணர்ச்சியே என்பது நம் துணிபு.

சேந்தன் அமுதன்

மூன்றாவது இடம் எல்லாவற்றினும் ஆழமானது. இதனை விளங்கிக்கொள்ளச் சரித்திரத்துள் சிறிது புகுதல் வேண்டும்.

சுந்தர சோழரின் மூத்த மகனும், வீரபாண்டியன் தலை கொண்டவன் எனப் பெயர் பெற்றவனுமான ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பது சரித்திர உண்மை. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு, அக்கொலை செய்த துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் கூறி, அவர்தம் உறவினர் நிலங்களைப் பற்றிய அரசாணையைத் தெரிவிக்கின்றது. அக்கல்வெட்டு இராசராசன் ஆட்சியின் தொடக்கத்தது. கொலைக்கும் இராசராசன் பட்டமேறிய 985-ஆம் ஆண்டிற்கும் இடையே ஆண்டவன் உத்தம சோழன். அவன் ஆட்சியில் கொலைஞர் ஏன் தண்டிக்கப்படவில்லை? இவ்வினாவை எழுப்பி, உத்தம சோழனுக்கு அதிற் பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். அவ்வையத்தை மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். உத்தம சோழனோ செம்பியன் மாதேவியின் புதல்வன். அவ்வம்மையார் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கிய பெருமாட்டியார்.

இச்சிக்கலைக் கல்கி அவிழ்த்த முறை வியக்கத்தக்கது. ஓர் உத்தம சோழனை அவர் இரண்டு மனிதராகப் பிரித்தார். அரண்மனையில் வளர்ந்து அரசுரிமைக்கு ஆசைப்படும் மதுராந்தகன் உண்மைப் புதல்வன் அல்லன். பிறந்தபொழுதே பிள்ளை மாறிவிட்டது. உண்மைப் புதல்வனோ தஞ்சைக்கு அருகே பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்து வாழும் சேந்தன் அமுதன். ஆசையும் பழியும் ஒருவனுக்கு. பக்தியும் அடக்கமும் மற்றவனுக்கு. முடிவில் அருள்மொழி தமக்கு வந்த முடியை, அதனை வேண்டாத சேந்தன் அமுதன் தலையிற் சூட்டுகின்றார். கொடுப்பவரும் விரும்பவில்லை, கொள்பவரும் விரும்பவில்லை. இதுவே தியாக சிகரம்.

படம் இப்பிள்ளை மாற்றத்தை முழுவதும் நீக்கிவிட்டது. அரசுக்கு ஆசைப்பட்ட அதே மதுராந்தகருக்கே அருள்மொழி முடி சூட்டுகின்றார். பிரித்த இருவரையும் படம் மீண்டும் ஒருவராகத் தைத்துவிட்டது எனலாம். சேந்தன் அமுதன் படத்தில் வருகின்றானாயினும் அவன் பெயரளவிலேயே நிற்கின்றான். ஈண்டு வாசகர் சினந்து எழுந்ததற்குக் காரணம் உண்டு. கதையின் பெரும் மர்மமே கைவிடப்பட்டது. ஐந்தாம் பாகத்தின் பெயருக்குக் காரணமான செயலே வேறாயிற்று.

எனினும், மறுபக்கத்தையும் சொல்லுதல் நேர்மையாகும். தகுதியற்றவர்க்கென்று தெரிந்தும் விட்டுக்கொடுப்பது, தகுதியுள்ளவர்க்கு விட்டுக்கொடுப்பதினும் அரிய தியாகம் அன்றோ என்று படத்தின் சார்பாக ஒருவர் வாதாடலாம். சரித்திரத்தில் இருந்தவனும் ஒரே உத்தம சோழன்தானே, பிள்ளை மாற்றம் கல்கியின் கற்பனையே அன்றோ என்றும் கேட்கலாம். இரண்டும் மறுக்கத்தக்க வாதங்கள் அல்ல. ஆயினும் அத்தியாகம் நம் நெஞ்சைத் தொடவேண்டுமாயின் மதுராந்தகரின் மனப்போராட்டத்திற்குப் படம் இடந்தந்திருத்தல் வேண்டும். அதற்குரிய பொழுது இராஷ்டிரகூடருடன் நிகழும் இறுதிப் போருக்குப் போய்விட்டது. அப்போர் நூலில் இல்லை.

படம் சேர்த்தவை

குறையே கூறி நிற்றல் ஆராய்ச்சி ஆகாது. நூலில் நந்தினியும் கரிகாலனும் இளமையிற் பழகிய வரலாறு பிறர் வாய்மொழியாகவே மிகுதியும் தெரியவருகின்றது. படத்தின் இரண்டாம் பாகம் அவ்விளமையைக் கண்ணெதிரே காட்டித் தொடங்குகின்றது. பின்னர்க் கடம்பூர் மாளிகையில் அவ்விருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி, நூலைப் பலமுறை படித்தோரையும் மூச்சடக்கி இருக்கச் செய்தது. படம் குறை என்று வாதாடியவரும் அக்காட்சியை விலக்கிவிட்டே வாதாடினர். எழுத்தில் இருட்டாக விடப்பட்ட ஓரிடத்தில் திரை விளக்கேற்றிற்று. ஒரு கலை மற்றொரு கலைக்குச் செய்யத்தக்க உதவி இதுவேயாம்.

கல், கதை, காட்சி

வாசகர் பூசலில் அடிக்கடி எழுந்த ஒரு குற்றச்சாட்டு, படம் சரித்திரத்தைத் திரித்துவிட்டது என்பது. இதனைக் கூறியவர் பலர் சரித்திரம் என்று கருதியது கல்கியின் கதையையே. ஆதலின், மாணவர் மூன்று படிகளை வேறுவேறாக அறிதல் வேண்டும். கல்லில் உள்ளது ஒன்று. கதையில் உள்ளது ஒன்று. காட்சியில் உள்ளது ஒன்று.

குந்தவையும், அவர் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவரும், செம்பியன் மாதேவியும், அன்பிற் செப்பேட்டில் புகழப்படும் அநிருத்தரும், ரவிதாசனும் சரித்திரத்தில் உள்ளவர். நந்தினி, மந்தாகினி, பூங்குழலி, சேந்தன் அமுதன், மணிமேகலை, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்கியின் படைப்புக்கள். வாசகர் உயிராக நேசிப்பவருள் பாதிப்பேர் இருந்ததே இல்லை என்பது நூலாசிரியரின் வெற்றி. அதனை அறியாமல் அவர்களைச் சரித்திரமென்று சாதிப்பது நம் கல்வியின் தோல்வி.

இப்படிகளை அறியத் தஞ்சைக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. தாம்பரத்தில் வாழும் நமக்குச் செங்கற்பட்டுச் சாலையே போதும். கரிகாலன் வடதிசை மாதண்ட நாயகனாய்த் தங்கியிருந்ததாகக் கல்கி காட்டும் காஞ்சி இங்கிருந்து அரைநாட் பயணத்திற்குள் அடங்கும். சுந்தர சோழர் அக்காஞ்சியிலேயே பொன்மாளிகையில் உயிர்நீத்தமையால், கல்வெட்டுக்கள் அவரைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்கின்றன. கரிகாலனும் திருக்கோவலூர் மலையமானும் பார்த்திபேந்திரனும் அமர்ந்து பேசும் மாமல்லபுரக் கடற்கரை அதனினும் அருகில் உள்ளது. உத்தரமேரூர் செல்வோர் பார்த்திவேந்திரவர்மன் என்னும் அரசனின் கல்வெட்டுக்களைக் காணலாம். வீரபாண்டியன் தலை கொண்டவன் என்ற பட்டம் அவனுக்கும் உண்டு. ஆதலின், அவனே ஆதித்த கரிகாலன் என்று கொள்ளும் அறிஞர் உளர். வேறொருவன் என்பாரும் உளர். கல்கியோ பார்த்திபேந்திரனைக் கரிகாலனின் நண்பனான பல்லவனாக ஆக்கிக்கொண்டார். கல் விடுத்த புதிரைக் கதை ஒருவாறு விடுத்தது என்பதற்கு இதனினும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு நமக்குக் கிடையாது.

பிற நாட்டிலும் நம் நாட்டிலும்

பொன்னியின் செல்வன் முடிந்த 1954-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டோல்கீன் என்னும் பேராசிரியரின் மோதிரங்களின் தலைவன் என்னும் மாயக்கதை வெளிவரத் தொடங்கியது. அதற்கு முன்னோடியான ஹாபிட், நம் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிவந்த அதே 1937-ல் வெளியானது. பெருங்கதையைப் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக எடுத்தார். மூன்றாம் படம் பதினோர் ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. ஆயினும் டாம் பாம்படில் என்னும் பாத்திரத்தை நீக்கியதற்காக அந்நூலின் அன்பர் வருந்தினர். ஆசிரியரின் மகனார் கிறிஸ்டோபர் டோல்கீன் அப்படங்களைக் குறித்துத் தம் அதிருப்தியை வெளிப்படையாகவே தெரிவித்தார். கதையோடு இயையாமல் தனித்து நிற்கும் பாம்படிலும், சூழ்ச்சியோடு இயையாத மணிமேகலையும் ஒரே காரணத்தால் நீக்கப்பட்டவர். ஒரேவகைக் கண்ணீரைப் பெற்றவர்.

தழுவலும் மாற்றமும் நமக்குப் புதியன அல்ல. வான்மீகியின் கதையைத் தமிழில் பாடிய கம்பர், இரணியன் வதையைத் தாமே சேர்த்தார். மணத்திற்கு முன்னரே இராமனையும் சீதையையும் மிதிலையிற் கண்ணோடு கண் நோக்கச் செய்தார். இராவணன் சீதையைத் தீண்டாமல் நிலத்தோடு பெயர்த்தெடுத்ததாக அமைத்தார். மூலத்தினின்று மாறியதற்காகக் கம்பரைத் தமிழர் தள்ளிவிட்டாரில்லை. மாற்றம் என்பது தானாகவே குற்றமாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. கம்பர் மாற்றிய இடங்களிலெல்லாம் கதை ஆழ்ந்தது என்பதே அவர்க்கு நாம் தரும் விடுதலைச் சீட்டு. அவ்வளவுகோலையே பிறர்க்கும் பயன்படுத்துவோம்.

தீர்ப்புக் கூறும் முறை

இதுகாறுங் கூறியவற்றால், நூலைத் தழுவிய படத்தைக் கண்டு கருத்துரைக்கப் புகுவோர் நான்கு வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ளுதல் நலம் என்பது பெறப்படும். மாற்றம் என்று நாம் நினைப்பது மெய்யாகவே மாற்றந்தானா, அன்றி நம் நினைவின் மயக்கமா? அம்மாற்றம் காலக் குறுக்கத்தாலும் கலையின் இயல்பாலும் வந்ததா, அன்றி வேறு நோக்கத்தால் வந்ததா? அதனால் கதையின் உயிர்ப்பொருள் நின்றதா, நீங்கிற்றா? இழந்ததற்கு ஈடாகப் பெற்றது யாது? இந்நான்கையும் கேட்டபின் எழும் புகழும் பழியும் கேட்போர்க்குப் பயன் தரும்.

இவ்வாறு கேட்டால், தொடக்கத்தை மாற்றியது பொறுக்கத்தக்கது. நந்தினி-கரிகாலன் காட்சிகள் போற்றத்தக்கன. மணிமேகலையை நீக்கியது இழப்பு. சேந்தன் அமுதனை வெறும் பெயராக்கியது பேரிழப்பு என்பது நமக்குத் தோன்றும் முடிபு. வேறு முடிபு கொள்வோர் தம் காரணங்களோடு வருவாராயின் மகிழ்வோம்.

முடிவுரை

இறுதியாக ஒன்று. படத்தைக் குறைகூறிய வாசகர் உள்ளத்தில் இருந்த பேரச்சம் மணிமேகலையைப் பற்றியது மட்டும் அன்று. இனி வருவோர் படத்தையே கதையென்று கொண்டு நூலைத் தொடாமற் போய்விடுவரோ என்பதே அவ்வச்சம். அஃது ஆதாரமற்றது என்று தள்ள இயலாது. தமிழில் நன்றாகப் பேசி, தமிழ்ப் படங்களை விரும்பிக் கண்டு, ஆயினும் தமிழில் பத்துப் பக்கங்களைத் தொடர்ந்து படிக்க இடர்ப்படும் மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. படம் வந்த காலத்தில் ஐந்து பாகங்களும் புத்தகக் கடைகளில் மிகுதியாக விற்றன. வாங்கியவர் அனைவரும் படித்தவர் அல்லர்.

படம் காண்பவன் பிறர் கண்டதைக் காண்கின்றான். படிப்பவன் கறுப்பு எழுத்துக்களிலிருந்து ஏரியையும் குதிரையையும் தானே உண்டாக்கிக் கொள்கின்றான். அவ்வாற்றலே பின்னர் ஒரு சட்டத்தையோ, ஒரு கணக்கையோ, பிறர் துன்பத்தையோ மனத்துள் உருவாக்கிப் பார்க்கும் ஆற்றலாகின்றது. அதனை இழப்பது ஒரு பாத்திரத்தை இழப்பதினும் பெரிது.

எனவே, படத்தை மட்டும் கண்ட மாணவர்க்கு நாம் வேண்டுவது இதுவே. புது வெள்ளம் என்னும் முதற்பாகத்தை எடுத்து, நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டியிருப்பின் நாணவேண்டா. பம்பாய் கண்ணன் ஒலி நூலாகத் தந்திருப்பதைக் காதாற் கேட்டுக்கொண்டே கண்ணாற் பின்தொடரினும் நன்றே. வீட்டில் இந்நூலைப் படித்த பெரியோர் இருப்பின் அவர் அருகில் அமர்ந்து உரக்கப் படியுங்கள். உச்சரிப்பும் திருந்தும், உறவும் வளரும். ஐம்பத்தேழு நாட்களில் முதற்பாகம் முடிந்துவிடும். அதற்குப்பின் படத்தை மறுமுறை கண்டு, கார்த்தி உங்கள் வந்தியத்தேவனா அல்லனா என்பதை நீங்களே கூறலாம். அவ்வாறு கூறும் உரிமை படித்தவர்க்கே உரியது.